உணவு மரங்களை வைத்து உண்ணத்தக்க புழுக்களின் வாழிடத்தைக் கணிக்க முடியுமா?

தரவுத்தேடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவில் மக்கள் உணவுக்காகச் சேகரிக்கும் புழுக்கள் எங்கெங்கு வாழக்கூடும் என்பதைக் கணித்து வரைபடமாக்கும் முயற்சியில் ஈடுபட்டிருக்கிறேன். இவற்றுள் பெரும்பாலானவை சாட்டர்னிடே என்னும் பெரிய அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்பகுதி நாடுகளில் மொபானே மரத்தின் இலையைத் தின்னும் கோனிம்ப்ரேசியா பெலினா, காங்கோ வடிநிலக் காடுகளில் சப்பேலி மரத்தில் வாழும் இம்ப்ரேசியா ஓயெமென்சிஸ், மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்தை நம்பியிருக்கும் சிரினா பியூட்டிரோஸ்பெர்மி ஆகிய மூன்றையும் முதலில் எடுத்துக்கொண்டுள்ளேன்.

மரங்களைப் பற்றிய இடப்பதிவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. வெப்பமண்டல ஆப்பிரிக்கத் தாவரங்களுக்காக 2016-இல் வெளியான ரெயின்பயோ தரவுத்தளத்தில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. புழுக்களுக்கோ பதிவுகள் மிகச் சொற்பம். அவற்றிலும் பல நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டியே இருக்கின்றன. எனவே முதலில் மரத்தின் பரவலைக் கணித்து, அந்த வரைபடத்தைப் புழுவின் பரவலைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் ஓர் உள்ளீடாகச் செலுத்தலாம் என்று எண்ணினேன்.

எனக்குத் தெளிவு வேண்டிய இடங்கள் இவை. மரத்தின் வரைபடத்தை வெப்பநிலை, மழை போன்ற காரணிகளோடு மற்றொரு காரணியாகச் சேர்ப்பது முறையா, அல்லது மரம் இல்லாத வரைபடக் கட்டங்களை (சிறு சதுரங்களை) நீக்கும் சல்லடையாக மட்டும் பயன்படுத்துவது முறையா? ஒரு புழு பல மரங்களின் இலையைத் தின்னுமானால் அந்த வரைபடங்களை எவ்வாறு ஒன்றிணைப்பது? மரத்தைச் சேர்த்ததால் கணிப்பு உண்மையிலேயே மேம்பட்டது என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

இலைநரம்பு

நல்ல கேள்வி. நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று புழுக்களும் மூன்று வேறுபட்ட விடைகளைத் தருவதால், ஒரே விதியை மூன்றுக்கும் பொருத்த முயல வேண்டாம் என்பதே என் முதல் கருத்து.

ஷியா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது செனகலில் தொடங்கி உகாண்டா வரை ஒரு நீண்ட பட்டையாகப் பரவியிருக்கிறது. ஆனால் அதன் இலையைத் தின்னும் சிரினா பெருமளவில் சேகரிக்கப்படும் பகுதிகளோ புர்கினா ஃபாசோவின் தென்மேற்கு, மாலியின் தெற்கு, நைஜீரியாவின் சில பகுதிகள் எனச் சுருங்கிவிடுகின்றன. மரம் இருப்பது புழுவுக்குத் தேவையான நிபந்தனைதான். அது மட்டுமே போதுமானதன்று. இங்கே மரத்தின் வரைபடம் உங்களுக்கு வெளி எல்லையைத் தரும். அந்த எல்லைக்குள் புழு எங்கே உள்ளது என்பதை மண், மழைக்காலத்தின் நீளம், வறட்காலக் கடுமை முதலியவை தீர்மானிக்க இடம்விட வேண்டும். தின்னும் மரம் ஒன்றே ஒன்று என்பதால் சல்லடை முறை இந்தப் புழுவுக்குப் பொருந்தும்.

மொபானே புழுவின் நிலை இதற்கு நேர்மாறானது. பெயரைப் பார்த்து அது மொபானே மரத்தை மட்டுமே சார்ந்தது என்று நம்பிவிடுகிறார்கள். மொபானே மரத்தில்தான் அது பெருந்திரளாகப் பெருகுகிறது என்பது உண்மை. ஆயினும் மரூலா உள்ளிட்ட வேறு பல மரங்களிலும் அது வளர்கிறது, மொபானே மரமே இல்லாத கிழக்குத் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் அந்துப்பூச்சி பதிவாகியுள்ளது. ஆகவே மொபானே வரைபடத்தைச் சல்லடையாக வைத்தால், உண்மையான வாழிடங்கள் சிலவற்றை உங்கள் கையாலேயே அழித்துவிடுவீர்கள். இங்கே மரம் ஒரு காரணியாகவே நுழைய வேண்டும். மேலும், உங்கள் கேள்வி 'இந்தப் புழு எங்கே வாழ்கிறது' என்பதா, 'மக்கள் சேகரிக்கும் அளவுக்கு எங்கே பெருகுகிறது' என்பதா என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். முதல் கேள்விக்கு மொபானே ஒரு துணைச் சான்று. இரண்டாவது கேள்விக்கு அதுவே மையம்.

இனி, இத்தகைய ஆய்வுகளில் பலரும் கவனியாது கடந்துவிடும் ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மரத்தின் பரவலை எதை வைத்துக் கணிக்கப்போகிறீர்கள்? வேர்ல்ட்கிளைம் என்ற உலகக் காலநிலைத் தரவுத்தளம் தரும் 19 காலநிலை மாறிகளை வைத்துத்தான் என்றால், கிடைக்கும் மர வரைபடம் அந்த மாறிகளின் ஒரு கலவையேயன்றி வேறொன்றுமன்று. அதை எடுத்து, அதே 19 மாறிகளோடு சேர்த்துப் புழுவின் மாதிரிக்குள் செலுத்தினால், நீங்கள் புதிதாக எந்தத் தகவலையும் தரவில்லை. ஏற்கெனவே தந்த தகவலை வேறு வடிவில் இரண்டாம் முறை தந்திருக்கிறீர்கள். மாதிரி அதற்கு மிக உயர்ந்த முக்கியத்துவ மதிப்பைக் காட்டும், 'உணவு மரமே தலையாய காரணி' என்று நீங்களும் எழுதுவீர்கள். உண்மையில் அந்த மதிப்பில் காலநிலையின் பங்கு எவ்வளவு, மரத்தின் பங்கு எவ்வளவு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதிலிருந்து தப்ப ஒரு வழி, மர வரைபடத்துக்குள் காலநிலைக்கு அப்பாற்பட்ட செய்தி இருக்கும்படி செய்வதாகும். மொபானே மரம் இதற்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது. உறைபனி அதன் பரவலுக்கு ஓர் எல்லையை வகுக்கிறது என்பது காலநிலைச் செய்தி. ஆனால் அந்த எல்லைக்கு உள்ளே, கனத்த களிமண்ணும் காரத்தன்மையும் உள்ள பள்ளத்தாக்கு நிலங்களில் அது தனியாட்சி செலுத்துவதும், அருகிலுள்ள மணல் மேடுகளில் வேறு மரங்களுக்கு இடம்விடுவதும் மண்ணைச் சார்ந்த செய்திகள். மண் தரவையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் மரத்தின் மாதிரியில் மட்டும் பயன்படுத்தி, புழுவின் மாதிரியில் மரத்தின் வழியாக மட்டுமே அவை நுழையுமாறு அமைத்தால், மரத்துக்கெனத் தனியான பங்கு ஒன்று தெளிவாகக் கிடைக்கும். இதற்கும் மேலானது, கணித்த மரத்தை விட்டுவிட்டுக் கண்ட மரத்தைப் பயன்படுத்துவது. அதாவது வனக் கணக்கெடுப்புத் தரவையோ செயற்கைக்கோள் படத்திலிருந்து பெற்ற தாவர வகைப்பாட்டையோ நேரடியாக எடுத்துக்கொள்வது.

உணவுத் தாவரத்தைச் சேர்ப்பதால் பயன் உண்டா என்ற பொதுக் கேள்விக்கு ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சி ஆய்வுகளிலிருந்து ஒரு முன்மாதிரி உண்டு. மிகேல் அரௌஜோ, மிஸ்கா லுவோட்டோ ஆகிய இருவரும் 2007-இல் பர்னாசியஸ் நெமோசைன் என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்து, அதன் புழு தின்னும் கோரிடாலிஸ் செடிகளின் பரவலைச் சேர்த்தும் சேர்க்காமலும் மாதிரி அமைத்து ஒப்பிட்டார்கள். செடிகளைச் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது. ஆனால் ஐரோப்பாவின் செடி வரைபடங்கள் நெடுங்காலக் கள ஆய்வின் விளைவு என்பதையும், காங்கோ வடிநிலத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாம்தோல்

மேலே எழுதியவர் மாதிரியைப் பற்றிச் சொன்னார். நான் மாதிரிக்குள் போகும் பதிவுகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வரைபடங்கள் அங்கேதான் கெடுகின்றன.

அருங்காட்சியகங்களிலும் இணையத் தரவுத்தளங்களிலும் உள்ள சாட்டர்னிடே பதிவுகளில் பெரும்பகுதி விளக்குப்பொறிக்கு வந்த முதிர்ந்த அந்துப்பூச்சிகளுடையவை. அந்துப்பூச்சி இரண்டு மூன்று நாட்களே வாழ்கிறது, எதையும் உண்பதில்லை, ஆனால் நன்றாகப் பறக்கிறது. அது விளக்கில் அகப்பட்ட இடம் அதன் புழு வளர்ந்த மரத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கலாம். உங்கள் மர வரைபடத்தின் கட்டம் 1 கிலோமீட்டர் அளவில் இருக்க, பூச்சியின் பதிவு அந்தக் கட்டத்துக்கு வெளியே விழுந்தால், மரத்துக்கும் புழுவுக்கும் தொடர்பே இல்லாதது போல் மாதிரி காட்டும். முட்டை, புழு, மண்ணிலுள்ள கூட்டுப்புழு ஆகியவற்றின் பதிவுகளை ஒரு தொகுதியாகவும், பறக்கும் பூச்சியின் பதிவுகளை வேறொரு தொகுதியாகவும் பிரியுங்கள். முதல் தொகுதி எவ்வளவு சிறிதாயினும் மரத்தோடு சேர்த்துப் பார்க்க அதுவே உரியது.

சந்தையில் வாங்கிய புழுவின் பதிவுகளைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். உலர்த்திய புழு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து விற்பனைக்கு வருகிறது. கின்ஷாசா சந்தையின் அமைவிடத்தைப் புழுவின் வாழிடமாக ஏற்றுக்கொண்ட மாதிரி நகரத்தின் காலநிலையைக் கற்றுக்கொள்ளுமே தவிர, காட்டின் காலநிலையைக் கற்றுக்கொள்ளாது.

பெயர்க் குழப்பமும் சிறிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்துப் புழுவைப் பற்றிய பழைய எழுத்துகளில் பல அதைச் சிரினா ஃபோர்டா என்றே குறிப்பிடுகின்றன. அதே சிரினா ஃபோர்டா என்ற பெயரில் காங்கோ காடுகளில் எரித்ரோஃப்லியம் மரத்தைத் தின்னும் புழுவும் அழைக்கப்படுகிறது. பெயரை மட்டும் நம்பி இரண்டையும் ஒன்றாக்கினால், வறண்ட புல்வெளி மரத்தையும் ஈரக்காட்டு மரத்தையும் சேர்த்து உண்ணும், எங்கும் வாழக்கூடிய ஒரு கற்பனைப் புழு உங்கள் கணினியில் பிறந்துவிடும். மொபானே புழுவும் சில நூல்களில் இம்ப்ரேசியா என்ற பழைய பேரினப் பெயருடனேயே வருகிறது. உள்ளூர்ப் பெயர்களைப் பொறுத்தவரை, ஒரு பெயர் பல இனங்களையும் ஓரினம் பல பெயர்களையும் தாங்குவது வழக்கமென்றாலும், 'எந்த மரத்தில் எடுத்தீர்கள்' என்ற கேள்விக்குச் சேகரிப்பவர்கள் தரும் விடை பெரும்பாலும் நம்பத்தக்கது. நெடுநாள் பட்டறிவோடு அவர்கள் காட்டுக்குள் தேடிப்போவது மரத்தைத்தானே!

உணவு மரப் பட்டியலைத் தயாரிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உணவுத் தாவரத் தரவுத்தளம் போன்ற தொகுப்புகள் பயனுள்ளவை. ஆனால் கூண்டில் வளர்த்தபோது தின்ற இலையையும், காட்டில் முட்டையிட்டு முழு வளர்ச்சி பெற்ற மரத்தையும், தற்செயலாக ஏறி இருந்த செடியையும் பழைய குறிப்புகள் பல வேளைகளில் வேறுபடுத்துவதில்லை. இவற்றுக்கு வெவ்வேறு எடை கொடுங்கள்.

இறுதியாக, மரத்தின் இலைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவே மண் இருக்கிறது. மொபானே புழு ஐந்து வளர்ச்சிப் பருவங்களைக் கடந்தபின் மரத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. மழை போதுமான இடங்களில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகளும் வறண்ட இடங்களில் ஒரு தலைமுறையும் தோன்றுகின்றன. மண் இறுகிப் புதைய முடியாமற்போனாலோ, வெள்ளம் தேங்கினாலோ, மேலே மரம் செழித்திருந்தும் கீழே கூட்டம் நிலைக்காது. அதேபோல், ஜூல்பெர்னார்டியா, பிராக்கிஸ்டீஜியா மரங்கள் நிறைந்த மியோம்போ காடுகளில் நெருப்பின் காலம் மிக முக்கியமானது. வறட்காலத்தின் முடிவில் எழும் கடுந்தீ, மரத்தின் இளந்தளிரையும் அதில் இடப்பட்ட முட்டைகளையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. வடக்கு ஸாம்பியாவின் கோப்பா பகுதியில் வாழும் பிசா மக்கள் தங்கள் மரபான புழு மேலாண்மையில், பிந்திய காட்டுத்தீயிலிருந்து உணவு மரங்களைக் காப்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். தீ எழும் மாதத்தைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து பெறலாம். நீங்கள் மியோம்போ புழுக்களையும் பின்னர் சேர்க்க எண்ணினால், ஆண்டுச் சராசரி மழையைவிட இது அதிகம் பேசும் என்று கருதுகிறேன்.

தரவுத்தேடி

இருவருக்கும் நன்றி. பதிவுகளைப் புழு, பூச்சி என்று பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன். எதிர்பார்த்ததைவிட மிகுதியாக விளக்குப்பொறிப் பதிவுகளே உள்ளன. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. காங்கோ வடிநிலத்தில் 'கண்ட மரத்தை' எப்படிப் பெறுவது? மேகமூட்டம் காரணமாக ஒளிப்படச் செயற்கைக்கோள்கள் அங்கே அதிகம் உதவுவதில்லை. மேலும், பல மரங்களைத் தின்னும் புழுவுக்கு வரைபடங்களைக் கூட்டுவதா, பெருக்குவதா, அவற்றுள் மிக உயர்ந்த மதிப்பை எடுத்துக்கொள்வதா?

கட்டவரைஞர்

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். பெருக்க வேண்டாம், பெருக்கினால் எல்லா மரங்களும் ஒரே இடத்தில் இருந்தால்தான் புழு வாழும் என்று பொருளாகிவிடும். ஏதேனும் ஒரு மரமாவது இருப்பதற்கான நிகழ்தகவே உங்களுக்குத் தேவை. ஒவ்வொரு மரமும் இல்லாமலிருப்பதற்கான நிகழ்தகவுகளைப் பெருக்கி, அதை ஒன்றிலிருந்து கழித்தால் அது கிடைக்கும். ஆனால் இதில் இரண்டு இடர்கள் உள்ளன. மரங்கள் ஒன்றையொன்று சாராமல் பரவியிருக்கின்றன என்று இந்தக் கணக்கு கருதுகிறது. ஒரே வகைக் காட்டில் சேர்ந்து வளரும் மரங்களுக்கு அது பொருந்தாது. அடுத்ததாக, 2006-இல் அறிமுகமான மேக்ஸ்என்ட் போன்ற, இருப்புப் பதிவுகளை (இனம் காணப்பட்ட இடங்களை) மட்டும் கொண்டு இயங்கும் முறைகள் தருவது ஒப்பீட்டுப் பொருத்தத்தையே. உண்மையான நிகழ்தகவை அன்று. ஒரு மரத்தின் 0.6 என்ற மதிப்பும் வேறொரு மரத்தின் 0.6 என்ற மதிப்பும் ஒரே பொருளுடையவை என்று கொள்ள முடியாது. ஆகவே மரங்கள் சிலவே என்றால், ஒவ்வொன்றுக்கும் தகுந்த வெட்டுமதிப்பை (அதற்கு மேலிருந்தால் மரம் உண்டு என்று கொள்ளும் எல்லையை) முடிவுசெய்து, கட்டத்தில் முதன்மை உணவு மரம் உண்டா, துணை உணவு மரம் மட்டும் உண்டா, எதுவும் இல்லையா என்ற மூன்று நிலை வரைபடமாக மாற்றுவதையே நான் விரும்புவேன். அழகான சூத்திரத்தைவிட இந்த எளிய வகைப்பாடு பல வேளைகளில் விளக்குவதற்கும் தற்காத்துப் பேசுவதற்கும் எளிதாக இருக்கிறது.

காங்கோ வடிநிலத்தைப் பொறுத்தவரை, மரம் வெட்டும் உரிமப் பகுதிகளில் வெட்டுக்கு முன் எடுக்கப்படும் வனக் கணக்கெடுப்புகளைத் தேடுங்கள். சப்பேலி விலைமிக்க மரம் என்பதால் அதன் எண்ணிக்கையும் தண்டு விட்டமும் அவற்றில் கவனமாகக் குறிக்கப்பட்டிருக்கும். தென்பகுதியின் மொபானே நிலங்களில் உங்கள் வேலை எளிது. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஏறத்தாழ 5 நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கின்றன. மொபானே அடர்ந்த நிலத்தை அவற்றிலிருந்து பிரித்தறியலாம் என்பதோடு, புழுத்திரள் இலையைத் தின்று தீர்க்கும்போது பசுமைக் குறியீடு மழைக்காலத்தின் நடுவிலேயே திடீரென்று வீழ்வதையும் காணலாம். யானையும் வறட்சியும் இலையுதிர்வை ஏற்படுத்தும் என்பதால் அந்த வீழ்ச்சியைத் தனிச் சான்றாகக் கொள்ளாமல், களப்பதிவோடு ஒத்துவரும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட மூன்றாவது கேள்வி. காலநிலை மட்டும், மரம் மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்று மாதிரிகளை ஒரே பதிவுகளின் மேல் அமைத்து ஒப்பிடுங்கள். சோதனைக்கான பதிவுகளை ஆங்காங்கே பொறுக்கி எடுக்காமல், நிலப்பரப்பைப் பெரிய தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதியை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். அருகருகே உள்ள பதிவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் பங்குபெற்றால் எந்த மாதிரியும் சிறந்ததாகத் தோன்றும். மரத்தின் மாதிரியையும் அதே தொகுதிகளை ஒதுக்கியே அமைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; இல்லையேல் ஒதுக்கிய பகுதியின் செய்தி மரத்தின் வழியாகக் கசிந்து உள்ளே வந்துவிடும். புழு உள்ள இடங்களையும் மற்ற இடங்களையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று அளக்கும் ஏயூசி மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வுப் பரப்பைச் சகாரா வரை விரித்தால் அது தானாகவே உயர்ந்துவிடும்.

ஒப்பீட்டுக்காக மாதிரிக்குத் தரப்படும் பின்புலப் புள்ளிகளையும் கவனியுங்கள். உங்கள் பதிவுகள் சாலையோரம் குவிந்திருப்பதால், பிற சாட்டர்னிடே இனங்கள் அனைத்தும் பதிவான இடங்களிலிருந்து பின்புலப் புள்ளிகளை எடுத்தால் அந்தச் சாய்வு ஓரளவு சமன்படும். பதிவுகள் மிகக் குறைவான இனத்துக்கு, ஒரே மாதிரியில் எல்லாக் காரணிகளையும் திணிக்காமல், இரண்டிரண்டு காரணிகளைக் கொண்ட சிறு மாதிரிகள் பலவற்றை அமைத்து அவற்றின் எடையிட்ட சராசரியை எடுக்கும் முறை மிகைப்பொருத்தத்தை (சில பதிவுகளின் தற்செயல் இயல்புகளையே மாதிரி கற்றுக்கொள்வதை) குறைக்கும்.

இலைநரம்பு

கட்டவரைஞர் சொன்ன மூன்று நிலை வகைப்பாட்டை ஏற்கிறேன். ஆனால் சப்பேலிக்கு 'உண்டு, இல்லை' என்ற பிரிவு போதாது என்பது என் கருத்து. அது 60 மீட்டர் வரை உயரக்கூடிய மரம். அதன் இலைமுடியின் பரப்புதான் புழுவுக்குக் கிடைக்கும் உணவின் அளவு. வெட்டுரிமப் பகுதியில் குறைந்தபட்ச விட்டத்தைத் தாண்டிய மரங்களே வெட்டப்படுகின்றன என்பதால், வெட்டு முடிந்த காட்டிலும் இளஞ்சப்பேலிகள் எஞ்சியிருக்கும், வரைபடமும் 'மரம் உண்டு' என்றே காட்டும். ஆனால் இம்ப்ரேசியாவைத் தாங்கிய பெருமுடிகள் போயிருக்கும். பீட்டர்சியாந்தஸ் போல ஒளியை விரும்பி, இரண்டாம் நிலைக் காடுகளிலும் வளரும் உணவு மரங்களுக்கு இந்தக் கவலை குறைவு. எனவே சப்பேலிக்கு மட்டுமாவது, விட்டவாரியான எண்ணிக்கையையும் வெட்டு நடந்த ஆண்டையும் தனிக் காரணிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தேடி

புரிந்தது. அப்படியானால் ஷியாவுக்குச் சல்லடை, மொபானேவுக்கு மண்வழிக் காரணி, சப்பேலிக்கு விட்டவாரிக் கணக்கெடுப்பு என்று மூன்றையும் தனித்தனி முறைகளில் நடத்துகிறேன். கணக்கெடுப்புத் தரவு கிடைக்காத சப்பேலிப் பகுதிகளை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கட்டவரைஞர்

அவற்றுக்கு மதிப்பு எதுவும் கொடுக்காமல் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். காலநிலையை மட்டும் வைத்துக் கணித்ததைத் தனி வரைபடமாகப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே வண்ண அளவில் கலந்தால், எந்தக் கட்டத்தில் மரத்தை எண்ணினார்கள், எந்தக் கட்டத்தில் ஊகித்தார்கள் என்பதைப் பார்ப்பவரால் பிரித்தறிய இயலாது.